நொட்டாங்கைத் துப்பாக்கி

பக்கத்து ஃபிளாட் குழந்தை இடது கையால் க்ரேயான் பிடிக்கிறதாம். அதன் அம்மா போன வாரம் என்னிடம் ஓடிவந்து, "ஆன்ட்டி, லெஃப்ட் ஹேண்டர்ஸ் எல்லாம் ரொம்ப பிரைட்டாமே!" என்று பூரித்துப்போனாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்து இப்போது வந்து சொல்கிறீர்களா? எண்பதுகளில் எங்கே போயிருந்தீர்கள் எல்லோரும்?

என்னோடு சேர்ந்து ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடதுகைக்காரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஸ்கேலின் தட்டைப் பக்கம் இல்லாமல் விளிம்புப் பக்கம் விரல் முட்டியில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்கு விளக்கமுடியாது. உங்களுக்கு விளக்கவே வேண்டாம். எங்கள் டீச்சர் அடித்துவிட்டு, "உன் நல்லதுக்குத்தான்" என்பார். பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுகள் "பீச்சாங்கை, பீச்சாங்கை" என்று ராகம் போடும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி என் கையைப் பிடித்து மாற்றிவைப்பாள். அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் உரிமையோடு மாற்றிவைப்பாள்.

அப்பா என்னை அடித்ததில்லை. அவருடைய முறை வேறு. மிட்டாயோ, பென்சிலோ, காய்ச்சல் மாத்திரையோ, எதைக் கொடுத்தாலும் நான் இடது கையை நீட்டினால் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். "சோத்தாங்கை" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நான் வலது கையை நீட்டும்வரை பேசாமல் நிற்பார். அடியைவிட அதுதான் எனக்கு ஆத்திரம்.

அப்பா ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவர். துப்பாக்கிகளைக் கழற்றிப் பழுது பார்த்து எண்ணெய் போடுகிற வேலை. ஓய்வு பெற்று வந்தபின் ஆவடியில், பெரிய மதில் போட்ட ஒரு கிடங்கில் கேட் காவலராகத் தற்காலிக வேலை கிடைத்தது. நிரந்தரமானவர்களுக்கு மதிலை ஒட்டியே குவார்ட்டர்ஸ், குழாய்த் தண்ணீர், மின்விசிறி. நாங்கள் வெள்ளானூர் பக்கம் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். "பர்மனென்ட் ஆவட்டும்" என்பதுதான் அம்மாவின் எல்லாப் பேச்சுக்கும் கடைசி வரி. புதுப் புடவையா, பர்மனென்ட் ஆவட்டும். எனக்குச் சைக்கிளா, பர்மனென்ட் ஆவட்டும்.

கிடங்கின் பாதுகாப்பு ஆபீசரிடம் ஒரு பிஸ்டல் இருந்தது. சனிக்கிழமை காலையில் கேட் ரூமில் வைத்து அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது அப்பாவின் பொறுப்பு. அப்பா கையில் இருக்கும்வரை அது அந்த ரூமைத் தாண்டி ஒரு அடி வெளியே போகக்கூடாது. போனால் வேலையும் போகும், கேஸும் வரும்.

எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பிஸ்டலைப் பார்த்ததில்லை. ஆனால் சனிக்கிழமை சாப்பாட்டில் அதன் கதை கட்டாயம் இருக்கும்.

"மொதல்ல எங்களாண்ட இருந்தது வெள்ளக்காரன் ரிவால்வரு. நடுவுல மடக்கித் தொறந்து ஆறு குண்டு சொருவணும். அப்பால வந்தது இது. ஒம்போது எம்.எம்மு. பிடிக்குள்ளாறயே பதிமூணு குண்டு நிக்கும், தெரியுமா?" என்பார் அப்பா. "இத வரைய ஆரம்பிச்ச அமெரிக்காக்காரன் பாதியிலயே பூட்டான். பெல்ஜியத்துல ஒருத்தன் உக்காந்து முடிச்சான். பெரிய சண்டையில ஜெர்மன்காரனும் இதத்தான் வெச்சிகினு இருந்தான், அவன எதுத்தவனும் இதத்தான் வெச்சிகினு இருந்தான். கனடாவுல சீனாக்காரனுக்குன்னு செஞ்சதுல கொஞ்சம் நம்ம பக்கம் வந்து தங்கிப்போச்சி. அப்பால நாமளே செய்ய ஆரம்பிச்சிட்டோம்."

"துன்ற சோத்துல இன்னாத்துக்குக் குண்டு?" என்பாள் அம்மா.

அப்பாவுக்கு அது காதில் விழாது. பிடியில் கட்டம் கட்டமாகக் கீறியிருக்கும் என்பார். அடியில் கயிறு கட்ட ஒரு வளையம் இருக்கும், மொத்த நீளம் தன் கையால் ஒரு சாண் என்பார். பிறகு சினிமாக்காரர்களைத் திட்ட ஆரம்பிப்பார். "ரிவால்வருக்குப் போயி சைலன்சர் மாட்றான். ஆறு குண்ட வெச்சிகினு ஒரு தெருவையே சுடறான். கேக்க ஆளில்ல."

அந்தக் காலத்தை நினைத்துப்பாருங்கள். துப்பாக்கி இல்லாத போஸ்டர் உண்டா? கன்னத்தோடு பிஸ்டலை ஒட்டவைத்துக்கொண்டு கதாநாயகி சிரிப்பாள். வில்லனின் கையில் இருந்த அதே துப்பாக்கி அடுத்த வாரம் இன்னொரு படத்தில் இன்ஸ்பெக்டர் கையில் இருக்கும். சலூன் சுவரில், நோட்டு அட்டையில், பபிள்கம் ஸ்டிக்கரில் எல்லாம் அதுதான். தீபாவளிக்குத் தகரத் துப்பாக்கியில் ரோல் கேப் போட்டு டப் டப்பென்று அடித்தால் வரும் கந்தக வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அந்தத் தகரத் துப்பாக்கியும் பையன்களுக்குத்தான். எனக்கு மத்தாப்பூ.

அந்தக் கோடையில்தான் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் சனிக்கிழமை மாலைகளில் படம் போட ஆரம்பித்தார்கள். இரண்டு கம்பம் நட்டு, நடுவில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். பாஸ் வைத்திருக்கும் நிரந்தரக்காரர்களின் குடும்பங்கள் முன்பக்கம் பாயும் நாற்காலியும் போட்டு உட்காரும். பாஸ் இல்லாதவர்கள், அதாவது தற்காலிகங்கள், வெள்ளானூர்க்காரர்கள், கடலை விற்கிறவர், நாய்கள், எல்லோருக்கும் திரைக்குப் பின்பக்கம். மெல்லிய துணி என்பதால் படம் இந்தப் பக்கமும் பளிச்சென்று தெரியும். நெருஞ்சி முள்ளைத் தள்ளிவிட்டு, ஜெனரேட்டர் புகையில் இருமிக்கொண்டு பார்ப்போம். சனிக்கிழமை மாலை அப்பாவுக்குக் கேட்டில் டூட்டி. அம்மாவும் நானும்தான் போவோம்.

போட்டது ஒரு போலீஸ் படம். அடுத்த வாரம் புதுப்படம் என்பார்கள், அடுத்த வாரமும் ரீல் பெட்டியைத் திறந்தால் அதே இன்ஸ்பெக்டர்தான் வருவார். ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. எனக்கோ அந்த முதல் நாளே பைத்தியம் பிடித்துவிட்டது.

ஏன் என்றால், இன்ஸ்பெக்டர் இடுப்பிலிருந்து பிஸ்டலை உருவினார். இடது கையால் உருவினார்.

"அம்மா! அவுரு நொட்டாங்கைம்மா!" என்று கத்தினேன்.

"சும்மா பாருடி" என்று அம்மா தலையில் தட்டினாள்.

நான் எப்படிச் சும்மா பார்ப்பது? ஊருக்கே நல்லது செய்கிற ஒருவர், ஆறு அடி உயரம், மீசை, காக்கிச் சட்டை, அவர் இடது கையால் சுடுகிறார். இடது கையால் சல்யூட் அடிக்கிறார். இடது கையால் சாப்பிடுகிறார், எந்த டீச்சரும் ஸ்கேலோடு வரவில்லை! மேஜைமேல் பிஸ்டலைப் போட்டு, கர்ச்சீப்பால் துடைத்து, பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். திரை முழுக்கப் பிஸ்டல்தான் நிற்கும். காலித் தோட்டா வெளியே தெறிக்கிற ஓட்டை இடது பக்கம். கட்டைவிரலால் தள்ளுகிற பூட்டு வலது பக்கம். ஒவ்வொரு வாரமும் பார்த்து மனப்பாடம் செய்தேன்.

அதே படத்தில் போலீஸ் ஸ்டேஷன் போர்டின் எழுத்து திரும்பித் தெரிந்ததே, அது உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பின்பக்கத்தில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்போம். எழுத்து திரும்பினால் கையும் திரும்பியிருக்கும் என்று பதினொரு வயதுப் புத்திக்கு எட்டவில்லை. எட்டவேண்டாம் என்று நானே தள்ளிவைத்திருக்கலாம். அதற்காக நான் வெட்கப்படவில்லை. எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, கிடைத்திருந்தார், அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறை. விறகுக் கடையில் பெட்டி உடைத்த பலகை கிடைக்கும். வெள்ளை மரம், கீறினால் பிசின் வாசனை வரும். ஒரு துண்டு எடுத்து வந்தேன். இரவு டூட்டி முடித்து அப்பா பகலில் தூங்கும்போது, விரித்துக் கிடந்த அவர் கையைக் கட்டைவிரலோடு லேசாக நீட்டி, பலகையைப் பக்கத்தில் வைத்து ஒரு சாண் அளந்து கோடு போட்டேன். அவர் புரண்டு படுத்தார், எழவில்லை. அம்மாவின் காய்கறிக் கத்தி, உடைந்த ரம்பத் தகடு, உப்புத்தாள், இவ்வளவுதான் என் சாமான். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து இடது கையால் செதுக்கினேன். அந்தக் கையால் எழுதக்கூடாது, உண்ணக்கூடாது என்று தடுத்தவர்கள் செதுக்கக்கூடாது என்று சொல்ல மறந்திருந்தார்கள். பிடியில் அப்பா சொன்ன மாதிரியே கட்டம் கீறினேன். ஓட்டையையும் பூட்டையும் ஹீரோவின் பிஸ்டலில் பார்த்த பக்கத்தில் வைத்தேன். குடைக் கம்பியை வளைத்து அடியில் வளையம் மாட்டினேன். கறுப்பு பூட் பாலிஷ் பூசி, மேலே பென்சில் தூளைத் தேய்த்தேன் பாருங்கள், அப்படியே இரும்பு.

அதை யாரிடமும் காட்டவில்லை. பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் மாலை மைதானத்தில் ஆபீசரின் மகன் தகரத் துப்பாக்கியோடு வந்தான். என் வயதுதான். "ஏய் பீச்சாங்கை, அந்தப் பந்தை எடுத்துப் போடு. சோத்தாங்கையால போடு" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இடது கையால் உருவினேன். "கையத் தூக்குடா" என்றேன்.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போன வேகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தகரத் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா! அவங்கப்பா உங்க பிஸ்டலைத் திருடிக்கொடுத்துட்டாரு!" என்று அலறிக்கொண்டு ஓடினான். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கே அப்பா சைக்கிளில் திரும்பி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"எடு அத்த" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இப்படியும் அப்படியும் திருப்பினார், பிடியின் கட்டங்களை விரலால் தடவினார்.

"இன்னாய்யா ஆச்சி?" என்று அம்மா ஓடிவந்தாள்.

"பிஸ்டல ஊட்டுக்கு எடுத்தாந்து வெச்சிகினு பாத்துச் செதுக்கியிருக்கோம்னு சொல்றாங்கோ. ஆபீசரு புள்ள ராத்திரி பூரா அழுதுதாம். புள்ளையையும் கூட்டிகினு வரச் சொல்றாரு."

அம்மா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "பர்மனென்ட் ஆவப்போற நேரத்துல குடியக் கெடுத்துட்டியேடி பாவி! பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்குடி துப்பாக்கி?"

சைக்கிள் பாரில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் அப்பாவின் மூச்சு என் உச்சந்தலையில் பட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகம். நானே செதுக்கியதை, பார்த்துச் செதுக்கினேன் என்கிறார்களே!

ஆபீசர் கெட்டவர் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான குரல். வாசலில் இரண்டு காவலர்கள் வேடிக்கை பார்த்தபடி நின்றார்கள். அவர் மரத் துப்பாக்கியை வாங்கி மேஜைக் கண்ணாடிமேல் வைத்தார்.

"நீளம் சரியா இருக்கு. பிடி சரியா இருக்கு. அடி வளையம்கூட விடல. கண்ணு முன்னாடி வெச்சுக்காம ஒரு குழந்தை இப்படிச் செய்யமுடியுமா? நீயே சொல்லு. எத்தனை நாள் வீட்ல வெச்சிருந்தே?"

"இல்ல சாப். ரூமத் தாண்டிப் போனதே இல்ல சாப்" என்றார் அப்பா. எத்தனையோ துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டிய அந்தக் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

"அப்ப இது எப்படி வந்துச்சு?" என்று ஆபீசர் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை எடுத்து, குண்டுகளை நீக்கிவிட்டு, மரத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டின் வாயும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நான் நிஜப் பிஸ்டலை முதல்முதலாகப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சார், உங்க துப்பாக்கி தப்பு" என்றேன்.

அப்பா என் தோளை அழுத்தினார். நான் உதறினேன்.

"ஓட்ட இந்தப் பக்கம் வரணும் சார். உங்களது அந்தப் பக்கம் கீது. பூட்டும் மாறிகீது. யாரோ உங்களுக்குத் தப்பாச் செஞ்சி குடுத்துட்டாங்கோ."

ஆபீசர் குனிந்து பார்த்தார். மரத்தைத் திருப்பினார், இரும்பைத் திருப்பினார். எல்லாமே பக்கம் மாறியிருந்தது. நிஜத்தைப் பார்த்துச் செதுக்கிய கை ஒன்றை மாற்றிவைக்கலாம், எல்லாவற்றையும் மாற்றிவைக்குமா?

"இது சரின்னு உனக்கு யார் சொன்னது?"

"படத்துல பாத்தேன் சார். மைதானத்துல போட்டாங்களே. ஹீரோ நொட்டாங்கையிலதான் சுடுவாரு. அவுருது இப்டிதான் இருக்கும்."

அவர் என்னையே பார்த்தார். "நீ எங்க உக்காந்து பாத்தே?"

"பின்னாடி. எங்களுக்குப் பாஸ் இல்ல."

முதலில் வாசலில் நின்ற காவலர்களில் ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். பிறகு ஆபீசரே நாற்காலியில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடக் கடவுளே, துணிக்குப் பின்னாடியிலிருந்து பாத்திருக்கு! அந்த ஹீரோ வலது கைக்காரர்தாம்மா. உனக்குத்தான் திரும்பித் தெரிஞ்சிருக்கு."

அப்பாவும் சிரித்தார். பிழைத்த சிரிப்பு. அவர் வேலை பிழைத்தது, எங்கள் சோறு பிழைத்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த ரூமில் நான் ஒருத்திதான் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பயந்துவிட்டது பாவம் என்று முடிவு கட்டித் தண்ணீர் கொடுத்தார்கள். பயமாவது மண்ணாவது! என் ஆளை அல்லவா பிடுங்கிக்கொண்டார்கள்!

"இதை நான் வெச்சுக்கட்டுமா?" என்று ஆபீசர் மரத் துப்பாக்கியைக் காட்டிக் கேட்டார்.

"மாட்டேன்" என்று பிடுங்கிக்கொண்டேன்.

அவர் அதற்கும் சிரித்தார். மேஜை டிராயரிலிருந்து ஒரு குடும்பப் பாஸ் எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். "இனிமே முன்னாடி உக்காந்து பாக்கட்டும். அப்பதான் எல்லாம் சரியாத் தெரியும்." அடுத்த சனிக்கிழமை மாலை டூட்டியிலிருந்தும் அப்பாவுக்கு விடுப்பு.

அன்று சாயங்காலம் அம்மா என் துப்பாக்கியை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். நான் குழாயடியிலிருந்து வருவதற்குள் பிடி கருகியிருந்தது. "விட்டது சனி" என்றாள். பூட் பாலிஷ் எரிகிற நாற்றத்தோடு அந்தத் தண்ணீரில் குளிக்கச் சொன்னாள். குளிக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். குடைக்கம்பி வளையம் மட்டும் சாம்பலில் கிடைத்தது. அது ரொம்ப வருஷம் என் பென்சில் டப்பாவில் இருந்தது, பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன், அதை மட்டும் மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. அம்மா பெட்டியிலிருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அப்பா பேன்ட்டும் சட்டையும் போட்டுக்கொண்டு, பாஸைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நடந்தார். முன்பக்கம், மூன்றாவது வரிசையில், சாய்ந்து உட்கார நாற்காலி. முள் இல்லை, புகை இல்லை. அதே இன்ஸ்பெக்டர் படம் ஆரம்பித்தது. போர்டின் எழுத்து நேராக வந்தது. இன்ஸ்பெக்டர் பிஸ்டலை உருவினார். வலது கையால் உருவினார்.

நான் எழுந்தேன்.

"எங்கடி போற? குந்து" என்று அம்மா பாவாடையைப் பிடித்தாள். உருவிக்கொண்டேன். முன்வரிசைக்காரர்கள் "உக்காரு, உக்காரு" என்று கத்தினார்கள். என் நிழல் திரையில் விழுந்து இன்ஸ்பெக்டரின் முகத்தை மறைத்தது. மறைக்கட்டும் என்று நடந்தேன். கம்பத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய், நெருஞ்சி முள்ளைக் காலால் தள்ளிவிட்டு, என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம். அப்பா.

"முன்னாடி எடம் கீதே. இன்னாத்துக்கு இங்க வந்து குந்திகினு கீறே?"

"இங்கதான் அவுரு நொட்டாங்கை" என்றேன்.

"அதான் திரும்பித் தெரியுதுன்னு சொன்னாங்களே."

"தெரியட்டும். நான் இங்கதான் பாப்பேன்."

திட்டுவார், இழுத்துக்கொண்டு போவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் திரையைப் பார்த்தார். அப்பா பின்பக்கத்திலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. இன்ஸ்பெக்டர் பிஸ்டலைத் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்மரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதை முழுக்கப் பார்த்தார்.

"நீ செஞ்சது அப்டியே கீது" என்றார். "ஒரு நூலு தப்பில்ல."

பேன்ட் மடிப்பைத் தூக்கிவிட்டுக்கொண்டு, என் பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்தார். கடலைக்காரரைக் கூப்பிட்டு இரண்டு பொட்டலம் வாங்கினார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

நான் இடது கையை நீட்டினேன். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றேதான். நீட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன்.

அப்பாவின் கை பழக்கத்தில் கொஞ்சம் பின்னால் போனது. அந்த வார்த்தை அவர் உதடு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். நானும் கையை மடக்கவில்லை.

பொட்டலத்தை என் இடது கையில் வைத்தார். சூடாக இருந்தது.